லோவென்ஸ்டைனின் மகன்

அன்புள்ள சேது,

எட்டு மாதமாகக் கடிதம் போடவில்லை என்று திட்டாதே. முட்டி வலி, பேத்தி காதுகுத்து, பழைய சாக்குகள்தான். கமலாவை விசாரித்ததாகச் சொல்.

நம் லோவென்ஸ்டைன் இருக்கிறாரே, 1928 ஜூலை 4 அன்று லண்டன் பக்கத்துக் குராய்டனிலிருந்து சொந்த விமானத்தில் கிளம்பி, கழிப்பறைக்கு எழுந்து போய்த் திரும்பாத பெல்ஜியக் கோடீஸ்வரர்? நான் ‘கழிப்பறைக் கதவென்று வெளிக்கதவைத் திறந்து விழுந்துட்டார், கதவு மாறிப்போச்சு’ கட்சி. நீ, ‘காற்று அமுக்கும்போது வெளிக்கதவு லேசில் திறக்காது, யாரோ தள்ளிவிட்டார்கள்’ கட்சி. கணேசனோ, உங்கள் இரண்டு பேரையும் தள்ளிவிடணும் என்பான். முப்பது வருஷம் அந்தக் கதவிலேயே தொங்கினோம். அவருக்குப் பிள்ளைகுட்டி உண்டா என்று ஒருநாளாவது கேட்டோமா?

ஒரே மகன், ராபர்ட். அப்பா வழியில் யூத வம்சம். காசுக்குக் குறைவில்லை. இரண்டாம் உலகச் சண்டை வந்தபோது அவன் போய்ச் சேர்ந்தது இங்கிலாந்தின் ஏ.டி.ஏ. என்ற விமானப் போக்குவரத்துத் துணைப்படையில், தொழிற்சாலையில் செய்த போர்விமானங்களைப் படைத்தளங்களுக்கு ஓட்டிக்கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. விமானப்படை கழித்துவிட்டவர்கள், வயசானவர்கள், பெண்கள் எல்லாம் அதில் இருந்தார்கள். ஒற்றைக் கை, ஒற்றைக் கண்ணோடு ஓட்டியவர்கூட உண்டு! ரேடியோ கிடையாது. மடியில் வரைபடம், கண்ணுக்கெதிரே ஆறும் தண்டவாளமும். இன்று ஸ்பிட்ஃபயர் என்ற சண்டை விமானம், நாளை முன்பின் ஏறியே பார்க்காத குண்டுவீச்சு விமானம். கிளம்புமுன் கையடக்கக் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டி, எந்த வேகத்தில் எழும்பணும், எந்த வேகத்தில் இறங்கணும் என்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். நாம் புது மிக்ஸி வாங்கினால்கூட அதைவிட அதிகநேரம் படிக்கிறோம்.

1941இல் அந்த வேலையிலேயே விமான விபத்தில் செத்துப்போனான். அந்தப் படையில் அப்படிப் போனவர்கள் 170 பேருக்கு மேல்.

அப்பன் விழுந்த ஆகாயத்தில் ஓட்டக் கற்றுக்கொள்ள அவனுக்கு எப்படி மனசு வந்தது? நாலு நாளாக இதே நினைப்பு. ஒவ்வொரு தடவை ஏறும்போதும் கதவை ஒருமுறை இழுத்துப் பார்த்திருப்பானோ? நாம் கதவு, தாழ்ப்பாள் என்று சிரித்துக்கொண்டிருந்தது இப்போது கூசுகிறது, சேது.

நீயோ, பையன் பைலட் பயிற்சி என்றதும் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தவன். இதைப் படித்துவிட்டு அவனுக்குப் போன் போட்டுப் பயமுறுத்தாதே. சாப்பிட்டானா என்று மட்டும் கேள்.

தை பிறந்ததும் வருகிறேன். கணேசனிடம் சொல்லிவை, இந்தத் தடவை கதவுப் பேச்சு கிடையாது.

உன்,
ராமு