ஆளுக்கு 7500 எண்டு சொல்லி 10,000க்கு மேல எடுத்த பிரன்ச் பற்றின புகார்

ரெஸ்ரோரன்ட் முகாமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். நான் முள்ளியவளையில இருந்து எழுதுறன். போன ஞாயிற்றுக்கிழமை கொழும்பில உங்கட ரெஸ்ரோரன்ட் பிரன்ச்சுக்கு அம்மா, நான், தம்பி, தங்கச்சி எண்டு நாலு பேர் வந்தனாங்கள். தம்பிக்கு கொழும்பில வேலை கிடைச்சு முதல் சம்பளம், அம்மாவுக்கு திங்கள் கண் ஆஸ்பத்திரியில காட்ட நாள் தந்திருந்தவை, அதால சனி இரவு முல்லைத்தீவு பஸ்ஸில ஏறி விடிய வந்து இறங்கினாங்கள். அம்மாவை ஒருக்கா நல்ல இடத்தில இருத்திச் சாப்பிட வைக்கோணும் எண்டு அவன் ஒரு மாசமா சொல்லிக்கொண்டு இருந்தவன்.

புக் பண்ண முதல் நான்தான் கோல் எடுத்தனான். தமிழ் கதைக்கிற ஒரு பிள்ளை மரியாதையாத்தான் கதைச்சவ, அவவில எனக்குக் கோவம் இல்லை. ஆளுக்கு 7500 எண்டவ. "எல்லாம் சேத்தோ?" எண்டு கேட்டன், "ஓம் அக்கா, எல்லாம் அதுக்குள்ள, எவ்வளவும் எடுத்துச் சாப்பிடலாம், 11 மணியில இருந்து 3 மணி மட்டும்" எண்டவ. பிறகு வட்ஸ்அப்பில ஒரு படம் வந்தது, அதில 7500க்குப் பக்கத்தில சின்னனா ரெண்டு பிளஸ் அடையாளம். அது சேவிஸ் சார்ஜும் வற் வரியும் வேற எண்ட அர்த்தமாம், இப்பதான் தெரியும். தம்பி 30,000 எண்ணி என்வலப்பில வச்சு, கைக்காவலுக்கு இன்னொரு 2000மும் கொண்டு வந்தவன்.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்லவேணும். அப்பம் சுடச்சுடப் போட்டுத் தந்தவை, அம்மா ரெண்டு எடுத்தவ, வட்டிலப்பமும் நல்லம். ஆனா "யாழ்ப்பாண நண்டுக்கறி" எண்டு எழுதி வச்சிருந்த சட்டி ஒரு மணிக்கே காலி. நாங்கள் உள்ள வந்தது பன்னிரண்டே முக்கால். திருப்பிப் போடுவியளோ எண்டு கேட்டதுக்கு முடிஞ்சுது எண்டு ஒரு சொல்லு. எனக்குக் கிடைச்ச ஒரு துண்டும் ஐஸில கனநாள் கிடந்த நண்டு, சதை பஞ்சு மாதிரி, இறக்கேக்க போடுற முருங்கை இலை வாசமே இல்லை. நந்திக்கடல் நண்டு சாப்பிட்டு வளந்த எங்களுக்கு அது விளங்கும். மூண்டு மணி மட்டும் எண்டு சொல்லிக் காசு எடுத்தா மூண்டு மணி மட்டும் சட்டியில இருக்கோணும்.

பில் வந்தது 40,108 ரூபா 20 சதம். சாப்பாடு 30,000, தண்ணிப் போத்தல் ரெண்டு 900, அதுக்கு மேல 10 வீதம் சேவிஸ் சார்ஜ், அந்த மொத்தத்துக்கு மேல 18 வீதம் வற். ஆளுக்கு 10,027 ரூபா. வரி அரசாங்கத்துக்குப் போறது, அதை நான் குறை சொல்லேல்ல, கேட்ட நேரம் முழுக் கணக்கையும் சொல்லாததுதான் என்ர புகார். தம்பியிட்ட இருந்தது 32,000. உங்கட வெயிற்றர் "கார்ட் இல்லையோ?" எண்டு பக்கத்து மேசைக்கும் கேக்கக் கேட்டவர், அவனுக்கு முகம் செத்துப் போச்சுது, அம்மா ஒண்டும் கதைக்காம கைப்பையத் திறந்து கண் ஆஸ்பத்திரிக்கெண்டு மடிச்சு வச்சிருந்த காசில மிச்சத்தை எடுத்து வச்சவ. முதல் சம்பளத்தில அம்மாவுக்குச் சாப்பாடு குடுக்க வந்த பிள்ளைக்கு அம்மாவே காசு கட்டவேண்டி வந்தது. அவன் அண்டைக்கு முழுக்க எங்களோட கதைக்கேல்ல.

10,108 ரூபா உங்களுக்கு சின்னக் காசா இருக்கலாம். 2025இல அரசாங்கம் நாடு எண்ட நெல் வகைக்கு வச்ச விலை கிலோ 120. அந்தக் கணக்கில அது 84 கிலோ, மூடை ஒண்டுக்கு மேல. காலபோகத்தில வெள்ளம், சிறுபோகத்தில குளத்துத் தண்ணி காணாது, இதுக்குள்ளதான் அம்மா வயல்ல அந்த மூடையை எடுக்கிறவ. 30,000மும் எங்களுக்குப் பெரிய காசுதான், ஆனா அது நாங்கள் தெரிஞ்சு, யோசிச்சு, சம்மதிச்ச காசு.

தண்ணிப் போத்தல் விசயம் வேற. ஒரு லீற்றர் போத்தல், அதிலயே 100 ரூபா எண்டு விலை அடிச்சிருக்கு, நீங்கள் எடுத்தது 450. மேசையில முதலே திறந்து வச்சிருந்தவை, காசு எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல.

நான் கேக்கிறது இதுதான். சொன்ன 30,000க்கும் ரெண்டு போத்தல் தண்ணியின்ர 200க்கும் மேல எடுத்த 9908 ரூபாவைத் திருப்பித் தாங்கோ. தம்பிக்கு ஒரு கோல் எடுத்து வருத்தம் தெரிவியுங்கோ, அவன்ர நம்பர் புக்கிங்கில இருக்கு. இனிமேல் அனுப்புற படத்தில பிளஸ் அடையாளம் போடாம எல்லாம் சேத்த விலையை தமிழிலயும் எழுதுங்கோ, கோல் எடுக்கிற பிள்ளையளுக்கும் அந்த விலையைச் சொல்லச் சொல்லிக் குடுங்கோ.

பில்லின்ர படம், போத்தலின்ர படம், வட்ஸ்அப் மெசேஜ் மூண்டும் இதோட வச்சிருக்கிறன். ரெண்டு கிழமைக்குள்ள பதில் வராட்டி நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின்ர 1977 எண்ட நம்பருக்கு கோல் எடுத்து இதையே சொல்லுவன், எழுத்திலயும் குடுப்பன். தம்பி வேண்டாம் அக்கா விடுங்கோ எண்டுதான் சொல்லுறான், நான் விடுறதா இல்லை.