பேக்கை பிள்ளைங்களே அடுக்கட்டும்

அன்பான பெற்றோர்களுக்கு வணக்கம்.

பசங்களோட விமானப் பயணம் நெருங்கிடுச்சு, என்ன வைக்கலாம் என்ன வைக்கக்கூடாதுன்னு நிறைய பேர் கேட்டுட்டே இருக்கீங்க, அதனால எல்லாருக்கும் சேர்த்து எழுதறேன். நான் முக்கியமா கேட்டுக்கறது ஒண்ணுதான், பேக்கை நீங்க அடுக்காதீங்க, பிள்ளைங்களே அடுக்கட்டும், நீங்க பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டா போதும். செக்யூரிட்டில பேக்கை திறந்து இது என்னன்னு கேட்டா பதில் சொல்லப்போறது அவங்கதான், எது எங்க இருக்குன்னே தெரியாம நின்னா பாவம் பயந்துடுவாங்க.

கையில கொண்டுபோற பேக் நிறைய ஏர்லைன்ஸ்ல 7 கிலோ வரைக்கும்தான், நம்ம டிக்கெட்டுக்கு எவ்வளவுன்னு பயண அட்டவணையோட தனியா அனுப்பறோம். ஆனா எடையை விட பெரிய டெஸ்ட் இருக்கு, அடுக்கி முடிச்சதும் அந்த பேக்கை தலைக்கு மேல தூக்க சொல்லி பாருங்க, சீட்டுக்கு மேல வைக்கிறதும் எடுக்கறதும் அவங்கதானே. தூக்க முடியலன்னா எதுக்கும் இருக்கட்டும்னு வச்சதையெல்லாம் வெளியே எடுத்துடுங்க. கனமான ஷூவையும் ஜாக்கெட்டையும் போட்டுட்டே வந்துட்டா பாதி பாரம் குறைஞ்சிடும்.

பவர் பேங்க் விஷயத்துல தயவுசெஞ்சு கவனமா இருங்க. அது கைப்பையிலதான் இருக்கணும், செக்-இன் பெட்டில வைக்கவே கூடாது, ஏன்னா லித்தியம் பேட்டரி சூடாகி தீப்பிடிச்சா கேபின்ல ஆளுங்க இருக்காங்க உடனே பாத்து அணைச்சிடலாம், கீழ சரக்கு வைக்கிற இடத்துல யாரு பாப்பாங்க? 100 வாட்-ஹவர் (பேட்டரில எவ்வளவு மின்சாரம் சேமிச்சிருக்குன்னு சொல்ற அளவு) வரைக்கும் பொதுவா விடுவாங்க, பவர் பேங்க்ல 20,000 எம்ஏஎச்னு போட்டிருக்கறது கிட்டத்தட்ட 74 வாட்-ஹவர்தான் வரும், அதனால பிரச்சனை இல்ல, ஆனா அந்த அளவு போட்டிருக்கற எழுத்து அழிஞ்சு போனது, உப்பிப்போனது எதையும் குடுத்து அனுப்பாதீங்க.

ஷாம்பு, க்ரீம், ஜெல் எல்லாம் 100 மில்லிக்குள்ள இருக்கற பாட்டில்ல, எல்லாத்தையும் ஒரே ஜிப் கவர்ல போட்டுடுங்க. 200 மில்லி பாட்டில்ல கொஞ்சூண்டுதான் இருக்குன்னு சொன்னா நிறைய ஏர்போர்ட்ல ஒத்துக்க மாட்டாங்க, பாட்டில் அளவைத்தான் பாப்பாங்க. பாட்டிலை விளிம்பு வரைக்கும் நிரப்பவும் வேண்டாம், மேல போனதும் காத்தழுத்தம் குறைஞ்சு கசியும். தண்ணி பாட்டிலை காலியா கொண்டு வரட்டும், செக்யூரிட்டி தாண்டினதும் நிரப்பிக்கலாம்.

ஜாமெட்ரி பாக்ஸை ஒருதடவை திறந்து பாருங்க, காம்பஸ், கத்தரிக்கோல், பிளேடு எல்லாம் அதுலதான் ஒளிஞ்சிருக்கும், அதையெல்லாம் வீட்டுலயே வச்சிடுங்க.

இன்ஹேலரோ தினமும் எடுக்கற மாத்திரையோ இருந்தா டாக்டர் சீட்டோட கைப்பையில வைங்க, எங்க டீச்சர்கிட்டயும் முன்னாடியே சொல்லிடுங்க. பெட்டி வந்து சேர லேட்டானா மாத்திக்க ஒரு செட் துணியும் கைப்பையில இருக்கட்டும். பெட்டிக்கு வெளியில மட்டும் இல்லாம உள்ளேயும் பேரும் உங்க நம்பரும் எழுதி ஒரு பேப்பர் போடுங்க, வெளிய ஒட்டினது கிழிஞ்சு போயிடும்.

கிளம்பறதுக்கு முந்தின நாள் பேக்கை ஸ்கூலுக்கு கொண்டுவர சொல்லுங்க, எடை போட்டு பாத்து அதிகமா இருக்கறதை சாயங்காலம் உங்ககிட்டயே திருப்பி குடுத்துடறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்