கைநூலில் இல்லாத விபரம்

ஆசிரியருக்கு,

உயர்தரத்தில் உயிரியல் படித்த மகளோடு மூன்று இரவாகப் பல்கலைக்கழக அனுமதிக் கைநூலைப் புரட்டுகிறேன். யாழ்ப்பாணத்தில் தாதியியல், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் என நான்கு வருடப் பட்டங்கள் உண்டு. அவள் கேட்பதோ இயன்மருத்துவம், அதாவது பயிற்சியால் உடல் அசைவை மீட்டுத்தரும் பிசியோதெரபி. அதற்குப் பேராதனைக்கோ கொழும்புக்கோதான் போகவேண்டும்.

அவளின் அப்பா 2009இல் இடது காலை இழந்தவர். பொய்க்கால் உரசாமலிருக்கப் பழைய சாரத் துணியைச் சுற்றிக்கொள்வார். இயன்மருத்துவப் பயிற்சி கொடுக்க ஒரு பிள்ளை வந்த மூன்று மாதமும் வயல் வரம்பில் தனியாக நடந்தார். அந்தப் பிள்ளை மாற்றலாகிப் போனதும் மறுபடி திண்ணைதான். வன்னியில் இப்படி எத்தனை வீடுகள்!

சரி, படித்து முடித்தால் அரச நியமனம் எவ்வளவு காலத்தில், எந்த மாவட்டத்தில் கிடைக்கும்? கைநூலில் அது இல்லை. இந்தத் துறையில் படிக்கும் வன்னிப் பிள்ளைகளை எங்கள் பாடசாலைகளுக்கு அழைத்துவந்து பேசவையுங்கள். விண்ணப்பம் அனுப்பும் முன்னர் அது நடக்கவேண்டும்.

ஒரு தாய்,
புதுக்குடியிருப்பு.