மாமா கடை

சிங்கப்பூர்,
12.1.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நான் இங்கு நலம். அத்தையும் பிள்ளைகளும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். பரோட்டாவைக் கண்டுபிடித்தவர்கள் மலேசியாக்காரர்கள்தானாமே என்று சென்ற வாரம் தொலைபேசியில் கேட்டீர்கள். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் ஏதோ சொல்லி வைத்துவிட்டேன். நாற்பது வருடமாகப் பரோட்டாக் கல்லின் முன் நிற்கும் ஒருவருக்கு அப்படிப் பதில் சொன்னது மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. இன்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் நிதானமாக எழுதுகிறேன்.

சென்ற மாதம் யுனெஸ்கோ, மலேசியாவின் காலை உணவுப் பண்பாட்டைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. தேங்காய்ப் பாலில் வேகவைத்த சோறான நாசி லெமாக், ஆற்றிய தேநீரான தே தாரிக் ஆகியவற்றோடு, நம் பரோட்டாவின் உடன்பிறப்பான ரொட்டி சானாயும் அதில் இருக்கிறது. அதையே இங்கே சிங்கப்பூரில் பிராட்டா என்கிறார்கள். பல இனத்தவரும் ஒரே கடையில் அமர்ந்து காலையில் உண்ணும் வழக்கத்துக்குத்தான் அந்தச் சிறப்பு கொடுக்கப்பட்டது. பண்டத்துக்கு யாரும் பட்டா எழுதிக் கொடுக்கவில்லை. ஆனாலும் செய்தி ஊர் வந்து சேர்வதற்குள் அது பட்டாவாகவே மாறிவிடுகிறது. இங்குள்ள உணவங்காடிப் பண்பாட்டைப் பட்டியலில் சேர்க்க விண்ணப்பிக்கப் போவதாக 2018இல் சிங்கப்பூர் அறிவித்தபோது மலேசியாவில் சமையற்கலைஞர்கள் சிலர் கோபப்பட்டார்கள். 2020 டிசம்பரில் அதுவும் பட்டியலில் சேர்ந்தது.

இந்தச் சண்டையை நான் தினமும் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். எங்கள் அலுவலகத்தில் ஒருவர் மலேசியாவின் ஜோகூரிலிருந்து கடற்பாலத்தைக் கடந்து வேலைக்கு வருகிறார். மதியச் சாப்பாட்டில் கோழிச்சோறு இருந்தால் போதும், அவருக்கும் சிங்கப்பூரில் பிறந்த மற்றொருவருக்கும் அது யாருடையது என்ற பேச்சு தொடங்கிவிடும். 2009இல் மலேசியச் சுற்றுலா அமைச்சராக இருந்த இங் யென் யென், கோழிச்சோறு, குழம்பில் நூடுல்ஸ் போட்ட லக்சா, மிளகாய் நண்டு ஆகியவை மலேசியாவுக்கு உரியவை என்றும் பிறர் அவற்றைத் தமதாக்கிக்கொள்கிறார்கள் என்றும் பேசியதை இன்னும் இருவரும் மறக்கவில்லை.

கோழிச்சோற்றின் பெயரிலேயே ஹைனான் இருக்கிறது, மாமா. தென்சீனக் கடலோரத்தில் உள்ள அந்தத் தீவிலிருந்து வந்தவர்கள், வெள்ளைக்காரர் வீடுகளிலும் விடுதிகளிலும் சமையல் வேலை பார்த்தார்கள். சிலர் தெருவில் கோழியும் சோறும் விற்றார்கள். கோழியைக் கொதிக்காத சூட்டில் பதமாக வேகவைத்து, அதன் கொழுப்பில் அரிசியை வதக்கி, அதே சாற்றில் சோறாக்குவார்கள். அதற்குத் தொட்டுக்கொள்ளும் மிளகாய்ச் சாந்து இந்த மண்ணில் சேர்ந்தது. அந்த வேலை நடந்தபோது சிங்கப்பூர் என்றும் மலேசியா என்றும் இரண்டு நாடுகள் கிடையாது. 1965இல்தான் பிரிவினை. கோழிச்சோறு அதைவிட மூத்தது. பிரிந்த குடும்பத்தில் பாத்திரம் பண்டத்தைப் பங்கிடுவது போலத்தான் இந்த வழக்கு எனக்குத் தோன்றுகிறது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நான் குடியிருக்கும் அடுக்குமாடியின் கீழே உள்ள கடையில், விடியற்காலையிலேயே ஒரு பெரியவர் பிராட்டா போடுகிறார். எண்ணெயில் ஊறிய உருண்டையை உள்ளங்கையால் அழுத்தி, ஓரத்தைப் பிடித்துத் தூக்கி, வலக்கையால் வீசி மேசையில் அறைகிறார். மூன்றாவது வீச்சில் மாவுக்கு அடியிலிருக்கும் எஃகுத் தகடு மங்கலாகத் தெரியத் தொடங்குகிறது. அதுவரை உங்கள் கையேதான். ஆனால் நீங்கள் கொசுவி, சுருட்டி, ஊறவைப்பீர்கள். அவர் நான்கு புறமும் மடித்து, சதுரமாக உடனே கல்லில் போட்டுவிடுகிறார். உள்ளே முட்டையோ வெங்காயமோ இல்லாததைக் கேட்க வேண்டுமென்றால் 'கோசோங்' என்று சொல்ல வேண்டும். மலாயில் வெறுமை என்று பொருள். சால்னா கிடையாது, பருப்போ மீன்குழம்போ தருவார்கள். சீனி தொட்டுச் சாப்பிடுகிறவர்களும் உண்டு. மலாயில் சானாய் என்றால் மாவைத் தட்டையாக்குவது. சென்னை என்ற பெயர்தான் அப்படித் திரிந்தது என்று சிலர் சாதிக்கிறார்கள். நம்மவர்கள் கப்பலேறிய காலத்தில் வெளியார் வாயில் அந்த ஊர் மதராஸ் என்பதால், நான் மலாய்ச் சொல்லின் பக்கம் நிற்கிறேன்.

ஒன்று மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லாதது. அந்தக் கையை இங்கே கொண்டுவந்தவர்களில் தமிழ் முஸ்லிம்கள் முதன்மையானவர்கள். அவர்கள் நடத்தும் கடைகளை மலேசியா முழுவதும் 'மாமாக்' கடை என்றே அழைக்கிறார்கள். நான் உங்களைக் கூப்பிடும் அதே 'மாமா' என்ற சொல்தான் அது. இதை முதன்முதலாகக் கேட்ட அன்று எனக்குத் தொண்டை அடைத்தது. நம் உறவுச் சொல் ஒன்று வேற்று மொழியில் கடைக்கே பெயராக நிலைத்துவிட்டது. ஆனால் அந்த மாமாக்களின் பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை. இங்குள்ள மீன்தலைக் கறிக்கு அந்தக் குறை இல்லை. கேரளத்திலிருந்து வந்த எம்.ஜே. கோமஸ், 1949 வாக்கில் சோஃபியா சாலையில் நடத்திய தம் கடையில், மீன்தலையை விரும்பி உண்ணும் சீன வாடிக்கையாளர்களுக்காக அதை நம் பக்கத்து மசாலாவில் குழம்பாக்கினார். பிறகு சீனச் சமையற்காரர்களும் அதைத் தங்கள் முறையில் புளி கூட்டி வைக்கத் தொடங்கினார்கள். எந்த நாட்டுக்கு உரியது என்று அதைப் பற்றிக் கேட்டால், குறைந்தபட்சம் ஒரு மனிதரின் பெயரைச் சொல்ல முடிகிறது.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். பட்டுக்கோட்டைக் கடையின் பழைய பலகையில் தாத்தா 'சிலோன் பரோட்டா' என்று எழுதி வைத்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது. சிறுவயதில் அதைத் தினமும் படித்தும் ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. தாத்தாவுக்கு மாவு வீசக் கற்றுக்கொடுத்த மாஸ்டர் யார், அவர் கொழும்பிலிருந்து திரும்பியவரா, அவருக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்பதை உங்களுக்குத் தெரிந்தவரை எழுதி அனுப்புங்கள். பாட்டியிடமும் கேளுங்கள், அவருக்கு நினைவு நன்றாக இருக்கும் காலை நேரத்தில் கேளுங்கள். பலகை பரணில் இருந்தால் அதை விறகுக்குப் போட்டுவிட வேண்டாம்.

உங்கள் அன்பு மருமகன்