நடுத்தாள் விழும் 1000 பிரதிகள்: நான்காவது முறையாக எழுதும் புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
பொருள்: உங்கள் அச்சகத்தில் அடித்த நூல், டெமி அளவு, 240 பக்கம், 1000 பிரதிகள். பைண்டிங் குறை, ஃபாரம் (பதினாறு பக்கமாக மடித்த அச்சுத்தாள்) விடுபட்டது, காகிதம் மாற்றியது தொடர்பாக.

ஐயா, வணக்கம்.

இதே விஷயத்துக்கு இது நான்காவது கடிதம். முந்தைய மூன்று புகாருக்கும் எண் வந்தது. இரண்டே நாளில் "தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தியும் வந்தது. என்ன தீர்ந்தது என்று தயவுசெய்து சொல்லுங்கள்.

கொங்கு வட்டார ஏர்த்தொழில் சொற்களைத் தொகுத்த நூல் இது. ஒரு நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அரைப் பக்கம் எழுதினார்கள். அதைப் பார்த்து 412 பேர் பணம் கட்டினார்கள். சிறு பதிப்பகத்துக்கு இப்படியொரு வெளிச்சம் ஒருமுறைதான் விழும். உள்ளூர்த் தொலைக்காட்சிப் பேட்டியில் தொகுப்பாளர் புத்தகத்தைப் பிரித்ததும் 23ஆம் பக்கம் அவர் மடியில் விழுந்தது. அந்தக் காட்சியை வெட்டாமலே ஒளிபரப்பிவிட்டார்கள்.

"வாசகர் அழுத்தி விரித்திருப்பார், இல்லையென்றால் பார்சல் குடோன் சூட்டில் பசை இளகியிருக்கும்" என்பது உங்கள் பதில். பசை இளகினால் எந்தத் தாளும் விழலாம். இங்கே விழுவதெல்லாம் 7–10, 23–26, 39–42 ஆகிய பக்கங்கள். பதினாறு பக்க ஃபாரத்தின் நடுத்தாள் இவை என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அதிலும் இரண்டிரண்டு தாளாக, மடிப்புக் கலையாமல் விழுகின்றன. முதுகைச் சீவுகிற பிளேடு நடுத்தாளின் மடிப்பைத் தொடவே இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? எட்டுத் தாள் மடிப்பில் சுமார் 3 மில்லிமீட்டராவது சீவினால்தான் உள்தாளின் ஓரம் வெளியே வந்து பசை பிடிக்கும். மேலோட்டமாக உரசிவிட்டு ஹாட் மெல்ட் என்கிற சூடான பசையை ஊற்றினால் வெளித்தாள்கள் மட்டும் ஒட்டும். இது இயந்திரத்தைச் சரியாக வைக்காத தவறு. வாசகர் கையைக் குறை சொல்லாதீர்கள்.

மாதிரிக்கு 40 பிரதி கொண்டுவரச் சொன்னதும் நீங்கள்தான். கோபியிலிருந்து இரண்டு கட்டாகக் கட்டி, கோவை காந்திபுரத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்து உங்கள் அச்சாலைக்கு வந்தால், தரம் பார்ப்பவர் விடுப்பில் இருக்கிறார். இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். மாலை நாலு மணிவரை வாசலில் காக்க வைத்த பிறகு உங்கள் ஊழியர் வந்து சொன்னது: "பேப்பர்ல ரெண்டு பத்தி வந்துட்டா பெரிய பதிப்பகம் ஆயிருவீங்களாக்கும்? ஆயிரம் காப்பிக்கு இவ்வளவுதானுங்க பைண்டிங்." அவமானப்படுத்தும்போதும் "ங்க" போட்டார், அதுதான் இன்னும் எரிகிறது. ஆயிரம் பிரதிக்குத் தனி பைண்டிங் என்று உங்கள் விலைப்பட்டியலில் எங்கே இருக்கிறது? அவர் பெயரை நான் எழுதவில்லை. அன்றைய வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

கையிருப்பு 588 பிரதிகளையும் ஒவ்வொன்றாகப் புரட்டியதில் 37 பிரதிகளில் ஐந்தாம் ஃபாரமே இல்லை. 65 முதல் 80 வரை காணோம். அதற்குப் பதில் ஆறாம் ஃபாரம் இரண்டுமுறை இருக்கிறது. சால், தும்பி, வடக்கயிறு என்று கவலை இறைப்பு, அதாவது மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைப்பது பற்றிய சொற்கள் உள்ள பகுதி அது, நாளிதழ் பாராட்டியதும் அதைத்தான். ஃபாரத்தின் முதுகில் படிக்கட்டு மாதிரி அடிக்கிற கறுப்புக் குறி எதற்கு இருக்கிறது? அடுக்கும்போது ஒரு பார்வை பார்த்தால் படி உடைந்திருப்பது தெரிந்துவிடும். புதிய நூல்களைப் பொது நூலகங்களுக்கு அனுப்பச் சொல்லும் 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி கன்னிமாரா நூலகத்துக்கும் ஒரு பிரதி போய்விட்டது. அதில் கிணறு இருக்கிறதோ இல்லையோ!

காகிதத்தை மேலே சொல்ல விட்டுப்போனது. ஒப்புக்கொண்டது 70 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 70 கிராம்) மேப்லித்தோ காகிதம். 14க்கு 21.6 செ.மீ., 120 தாள் என்றால் உள்தாள் மட்டுமே 254 கிராம் வரவேண்டும். அட்டை, பசை எல்லாம் சேர்ந்த முழுப் புத்தகத்தைத் தராசில் வைத்தால் 240 கிராம்தான் காட்டுகிறது. இது 60 ஜி.எஸ்.எம். கணக்கு. அதனால்தான் 11 மி.மீ. என்று வரைந்த முதுகு 9 மி.மீ.க்குச் சுருங்கி, தலைப்பெழுத்து முன்னட்டைப் பக்கம் சரிந்திருக்கிறது. புகழூரிலும் பள்ளிபாளையத்திலும் ஆலை வைத்துக் காகிதம் செய்கிற சீமையில், 70 கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அச்சுக்கூலி 62,000 ரூபாய் முழுவதும் முன்பணமாகக் கட்டியாயிற்று. அதில் கட்டிய ஜி.எஸ்.டி.யைத் திரும்ப எடுக்கவும் வழியில்லை, புத்தக விற்பனைக்கு வரி கிடையாது. இதுவரை 71 பிரதி திரும்பி வந்திருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் போக வர 110 ரூபாய். பெயர் கெட்டதையும் சேர்த்தால் ஐந்து லட்சத்துக்குக் குறையாது. உண்மையில் அதற்கு விலையே கிடையாது.

உங்களோடு சண்டை போடுவது நோக்கமல்ல. உங்கள் அச்சுத் தரத்தை நம்பித்தான் வந்தோம். எழுத்து இன்றும் தெளிவாகத்தான் இருக்கிறது. 15 நாளுக்குள் ஒப்புக்கொண்ட காகிதத்தில் 1000 பிரதியும் மறு அச்சாக வேண்டும், இந்தமுறை ஃபாரம் தைத்து பைண்டிங். ஆகஸ்ட் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கு முன்னால் சரக்கு கைக்கு வரவேண்டும். லாரி வாடகையும் தபால் செலவும் உங்களுடையவை.

இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். "வியாபாரத்துக்கு வாங்கியது, செல்லாது" என்று உங்கள் வக்கீல் சொல்லலாம். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவரும் நுகர்வோர்தான் என்று 2019ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது, அவரையே படிக்கச் சொல்லுங்கள். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் மனுக் கட்டணமும் இல்லை. அரைப் பக்கம் எழுதிய அதே நாளிதழுக்கும் இந்தக் கடிதத்தின் நகல் போகும்.

மற்ற பிரதிகளை எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் ஃபாரம் இல்லாத 37ஐ மட்டும் தரமாட்டேன், அவை என்னிடமே இருக்கும்.

இப்படிக்கு,
பதிப்பாளர்,
கோபிசெட்டிபாளையம்