கீழ் வீடு காலியாக இருக்கிறதா, தம்பி?

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இரண்டு பேரும் நலம். அங்கே உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் நலமா? இதைப் போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் நீ பாதியிலேயே "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா" என்பாய், நானும் சரிப்பா என்று வைத்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

புது வீட்டில் ஒரு அறையை எங்களுக்கென்றே ஒதுக்கி, அப்பா வழுக்கி விழாமலிருக்கக் குளியலறையில் கைப்பிடிகூட வைத்துவிட்டேன் என்று சொன்னாயே, அன்றைக்கு ராத்திரி அப்பா சாப்பிட்ட கை காயக் காய அப்படியே உட்கார்ந்திருந்தார். பேசவே இல்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது. எங்களுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குத் தெரிய வேண்டும், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை டிவியில் 'சம்சாரம் அது மின்சாரம்' போட்டார்கள். நீ அதைத் துண்டு துண்டாகத்தான் பார்த்திருப்பாய். மனோரமா வருகிற இடத்தில் சிரித்துவிட்டு எழுந்து போய்விடுவாய். 1986-ல் அது வந்தபோது நீ கைக்குழந்தை. கும்பகோணத்து வீட்டிலிருந்து அப்பாயி, தாத்தா, பெரியப்பா, பெரியம்மா, நாங்கள் என்று எல்லாரும் சேர்ந்தே போனோம். மொத்தக் குடும்பமும் ஒரே வரிசையில் உட்கார்ந்து பார்த்த கடைசிப் படம் அதுதான்.

கதை, வசனம், டைரக்‌ஷன் எல்லாம் விசு. அந்த வீட்டுக்குத் தலைவரான அப்பன் அம்மையப்ப முதலியாராக நடித்ததும் அவர்தான். இதே கதை முதலில் நாடகமாக இருந்து, 1975-லேயே 'உறவுக்கு கை கொடுப்போம்' என்று ஒரு தடவை படமாகவும் வந்ததாம். அப்பா சொன்னார். ஏவிஎம் எடுத்த பிறகுதான் ஊரெல்லாம் பேச்சானது. ஜனங்கள் விரும்பிப் பார்க்கிற நல்ல பொழுதுபோக்குப் படத்துக்கென்று கொடுக்கிற தேசிய விருதை முதன்முதலாக வாங்கிய தமிழ்ப்படம் இதுதான். தெலுங்கு, மலையாளம், இந்தி மூன்றிலும் திரும்ப எடுத்தார்கள். எடுக்கத்தானே செய்வார்கள்! மாசம் பிறந்தால் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று எழுதி வைக்கிற நோட்டு எந்த ஊர் வீட்டில் இல்லை?

அதில் மூத்த மகன் சிதம்பரமாக ரகுவரன். பெண்டாட்டி உமா பிரசவத்துக்குத் தாய் வீடு போயிருக்கிறாள், அதனால் வீட்டுச் செலவுக்குக் கொடுக்கிற பணத்தைக் குறைத்துக்கொள்கிறான். அங்கே ஆரம்பிக்கிற பேச்சு வளர்ந்து வளர்ந்து, கடைசியில் வீட்டு நடுவிலே கோடு கிழிக்கிற அளவுக்குப் போய்விடுகிறது. அந்தப் பக்கம் பிள்ளை, இந்தப் பக்கம் புருஷன், நடுவில் கமலா காமேஷ் பேசவும் முடியாமல் நிற்பார். பக்கத்து சீட்டில் அப்பாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். நானோ, "பெத்தவங்ககிட்ட கணக்குப் பாக்குறானே, இவனெல்லாம் ஒரு பிள்ளையா" என்று சத்தமாகவே சொன்னேன். பெரியம்மாவும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

இரண்டு வருஷம் கழித்து அதே கணக்கை நான் போட்டேன், தம்பி. இதுவரை உன்னிடம் சொன்னதில்லை.

உன் தங்கச்சி பிறந்தபோது மூன்று மாசம் எங்கள் அம்மா வீட்டில் இருந்தேன். உன்னையும் கூடவே கூட்டிப் போயிருந்தேன். திரும்பி வந்த அன்றைக்கே தாத்தாவின் நோட்டை எடுத்துப் பார்த்தேன். அப்பா பெயருக்கு நேராக மூன்று மாசமும் முழுப் பங்கு எழுதியிருந்தது. "நானும் ரெண்டு பிள்ளையும் இல்லாத வீட்டுக்கு எதுக்கு முழுசாக் கொடுத்தீங்க?" என்று கேட்டேன். மெதுவாகத்தான் கேட்டேன். ஆனால் அந்த வீட்டில் மெதுவாகப் பேசினாலும் முற்றத்தைத் தாண்டிக் கேட்கும். அது பெரியம்மா காதில் விழுந்தது. அப்புறம் அவர்கள் ஒன்று சொல்ல, நான் ஒன்று சொல்ல, அந்தத் தீபாவளிக்குள் உலை தனித்தனியாகிவிட்டது.

எங்கள் வீட்டில் யாரும் கோடு கிழிக்கவில்லை. ஆனால் கூடத்தில் மூன்றாவது தூண் வரை எங்களுக்கு, அதற்கு அப்பால் அவர்களுக்கு என்று எல்லாருக்கும் தெரியும். அப்பாயி மாசா மாசம் பார் சோப்பை நூல் போட்டு அறுத்து இரண்டாக்கித் தருவார்கள். இரண்டு துண்டையும் உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பார்கள். அந்தக் கை நடுங்கியது இன்னமும் என் கண்ணிலேயே நிற்கிறது. கூடத்து டியூப்லைட்டுக்குக் கரன்ட் பில் யார் கட்டுவது என்று சண்டை வந்து, கொஞ்ச நாள் அதை யாருமே போடவில்லை. தாத்தா அந்த இருட்டிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்.

உனக்கு அப்போது மூன்று வயசு. தூணெல்லாம் உனக்கு என்ன தெரியும்? ஒரு நாள் மத்தியானம் பெரியம்மா அடுப்பிலிருந்து நேராகக் கொடுத்த முறுக்கை வாயில் ஒரு பக்கமாக வைத்துக்கொண்டு ஓடி வந்தாய். நான் அதைப் பிடுங்கித் திரும்பக் கொண்டுபோய் அவர்கள் திண்ணையில் வைத்தேன். எச்சில் பட்ட முறுக்கு. பெரியம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்கள். அவர்கள் சாகும் வரை நல்லது கெட்டதுக்கு வந்து போய்க்கொண்டுதான் இருந்தோம். அந்த முறுக்கைப் பற்றி மட்டும் இரண்டு பேருமே பேசியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை படம் முடிகிற வரைக்கும் நான் எழுந்திருக்கவில்லை. கடைசியில் உமா பாடுபட்டதில் சிதம்பரம் திருந்தி வருகிறான், அப்பனும் மனசு இறங்கிவிடுகிறார். இனி எல்லாரும் ஒன்றாகிவிடுவார்கள் என்று பார்த்தால், உமா வேண்டாம் என்கிறாள். உமாவாக நடித்த லட்சுமி அதை என்ன அழகாகச் சொல்கிறார்! கோபம் இல்லை, குத்தல் இல்லை. தனித்தனியாக இருப்போம், ஆசையாக வந்து போவோம் என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டுக் கிளம்புகிறாள். 1986-ல் எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. சேர்த்து வைத்தவளே பிரித்துவிட்டாளே என்று வீடு வரைக்கும் புலம்பிக்கொண்டே வந்தேன். இப்போது, அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளைப் போல ஒருத்தி எங்கள் வீட்டில் முன்கூட்டியே பேசியிருந்தால், பெரியம்மாவும் நானும் கடைசி வரை அக்கா தங்கச்சியாக இருந்திருப்போம்.

உன் வீட்டுக்காரி தங்கமான பெண். அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. அவள் குக்கரில் மூன்று விசில் விட்டால் நான் நாலு என்பேன். பிள்ளைகள் செல்போனோடு சாப்பிட்டால் என் வாய் சும்மா இருக்காது. அப்பாவுக்கு நாலரை மணிக்கே காப்பி வேண்டும், டிவிச் சத்தமும் நிறைய வேண்டும். அவள் பொறுத்துக்கொள்வாள். பொறுத்துக்கொள்கிறாள் என்று எனக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். நடுவில் நீ நிற்பாய். கமலா காமேஷ் நின்ற இடத்தில் என் பிள்ளை நிற்பதை நான் பார்க்க மாட்டேன்.

அந்த ஊருக்கே வரமாட்டோம் என்று நினைத்துக்கொள்ளாதே. கட்டாயம் வருகிறோம். உங்கள் பிளாட்டிலேயே தரைத்தளத்தில் ஒரு சின்ன வீடு காலியாக இருக்கிறது என்று போன மாசம் பேச்சுவாக்கில் சொன்னாயே, அது இன்னும் இருக்கிறதா? வாடகை அப்பா பென்ஷனிலிருந்து நாங்கள் கொடுத்துக்கொள்கிறோம், அதில் நீ தலையிடாதே. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் நேராக எங்களிடம் வரட்டும். நீ ஆபீசிலிருந்து வரும்போது ஒரு எட்டு எட்டிப் பார்த்துவிட்டு மேலே போ. ராத்திரி உடம்புக்கு ஏதாவது என்றால் ஒரு போன் போட்டால் இறங்கி வந்துவிடப் போகிறாய்.

இந்தக் கடிதத்தை அவளிடமும் படிக்கக் கொடு. ஒளிக்க ஒன்றும் இல்லை.

அட்வான்ஸ் எவ்வளவு என்று கேட்டுச் சொல். வாசல் நிலையை டேப் வைத்து அளந்து பார். தாத்தாவின் தேக்குக் கட்டிலை விட்டுவிட்டு அப்பா வரமாட்டார், அது மூன்றரை அடி அகலம்.

அன்புடன்,
அம்மா