புதன்கிழமைக்கு ஒரு திறப்பு

மண்டபத்துக்குப் பொறுப்பான செயலாளர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். குடியை விட நினைப்பவர்கள் கூடிக் கதைக்கும் எங்கள் புதன்கிழமைக் கூட்டம் எது, மண்டபத்துப் பூட்டு எப்போது மாற்றப்பட்டது, திறந்துவிடும்படி எத்தனை கடிதம் தந்தோம் என்பதெல்லாம் உங்கள் கோப்பிலேயே இருக்கிறது. போன புதன்கிழமை நடந்தது மட்டும் கோப்பில் இராது. அதனால்தான் இந்த மடல்.

அன்று ஆறேகாலுக்கு, நல்ல மழைக்குள், கன்னியாப் பக்கமிருந்து ஒரு தாய் மகனைக் கூட்டிக்கொண்டு மண்டபத்துக்கு வந்திருக்கிறார். பொடியனுக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். குடி நிறுத்தி ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நான்காவது நாள். யாரோ சொல்லி, எப்படியோ சம்மதிக்க வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். கேற்றில் புதுப் பூட்டு. காவலாளி, “இங்க அப்படி ஒரு கூட்டமும் நடக்கிறதில்லை” என்றாராம். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு அப்படித்தான் சொல்லப்பட்டிருந்தது. தாய் சுவர் ஓரமாக, சேலைத் தலைப்பால் மகனின் தலையை மூடிக்கொண்டு, அரை மணித்தியாலம் நின்றிருக்கிறார். பிறகு மகன், “வாங்கம்மா, போவம்” என்றிருக்கிறான். வழியில் சந்தியில் இறங்கி, “சிகரெட் வாங்கிக்கொண்டு வாறன்” என்று போனவன் விடியத்தான் வீட்டுக்கு வந்தான். எப்படி வந்தான் என்று நான் எழுதத் தேவையில்லை.

அந்த நேரம் நாங்கள் ஒன்பது பேர் டச்சுக்குடாவில், வள்ளம் இழுத்து வைக்கும் ஒரு கொட்டிலுக்குள் நனைந்தபடி இருந்தோம். மழையில்லாத புதன்களில் கடற்கரை மணலில் கூடுவோம். ஊர் மான்கள் இரண்டு மூன்று பக்கத்தில் வந்து நிற்கும். இதுவரை அவை எங்களிடம் அடையாள அட்டை கேட்டதில்லை.

மறுநாள் அந்தத் தாய் எங்களில் ஒருவரைக் கண்டு கேட்டது இது: “தம்பி, நான் பிழையான நாளிலயா வந்தனான்?”

ஐயா, எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. புதன்கிழமைகளில் ஆறரையிலிருந்து எட்டு மணிவரை மண்டபத்தைத் திறந்துவிடுங்கள். பெயர்ப் பட்டியல் கேட்காதீர்கள்.

முழுப்பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், கையொப்பம் என்று நீங்கள் தந்த படிவத்தைப் பார்த்தேன். எங்களில் ஒருவர் வாத்தியார். ஒருவரின் மகளுக்குக் கல்யாணம் பேசுகிறார்கள். அந்தப் படிவம் எத்தனை மேசை தாண்டும், எந்த மேசையில் யாருடைய மச்சான் இருக்கிறார் என்பது உங்களுக்கே தெரியும். பெயர் கேட்காத இடம் என்பதால்தான் மனிதர்கள் வந்து வாய் திறக்கிறார்கள். தவறணையில் எங்களிடம் யாரும் படிவம் நீட்டியதில்லை. பஸ் நிலையத்தில் நான் விழுந்து கிடந்த இரவுகளில் முன்அனுமதிக் கடிதமும் தேவைப்படவில்லை. திருந்த வந்தபிறகுதான் இவ்வளவு ஒழுங்கு விதிகளும்!

“இப்படி இருந்து கதைத்தால் குடி போகுமா?” என்று கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். 1935இல் அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்தின் அக்ரன் நகரில், குடியால் கெட்ட ஒரு பங்குத் தரகரும் ஒரு சத்திரசிகிச்சை மருத்துவரும் இருந்து கதைத்ததில்தான் ‘அல்கஹோலிக்ஸ் அனானிமஸ்’ என்ற இந்த முறை தொடங்கியது. 2020இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பின் ஆய்வாளர்கள் 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கு மேற்பட்ட ஆட்களின் விவரங்களை, ஒன்றாகப் பார்த்தார்கள். இத்தகைய கூட்டங்களோடு ஆட்களை முறையாகச் சேர்த்துவிடும் சிகிச்சை பெற்றவர்களில், குடியை முற்றாக விட்டு நிற்பவர்கள் மற்றச் சிகிச்சைகளை விட அதிகம் என்று கண்டார்கள். நாங்கள் மருத்துவத்துக்கு எதிரிகளும் அல்லர். நாள்தோறும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே புதிதாக வருபவரை முதலில் டாக்டரிடம்தான் அனுப்புகிறோம். ஆனால் டாக்டர் இரவு பதினொரு மணிக்கு வீட்டுக்கு வர மாட்டார். என் அப்பாவின் அந்தியேட்டி அன்று எனக்குக் கை நடுங்கத் தொடங்கியபோது வந்தது எங்கள் கூட்டத்துத் தச்சர் அண்ணைதான். சைக்கிளில் வந்து, விடியும்வரை விறாந்தையில் இருந்து, வள்ள எஞ்சின் பழுது பார்ப்பது பற்றியே பேசிக்கொண்டிருந்தார். எனக்கு எஞ்சினும் தெரியாது, வள்ளமும் கிடையாது.

போதைக்கு அடிமையானவர்களைக் கந்தக்காடு புனர்வாழ்வு நிலையத்துக்கு அனுப்புகிறார்கள், மாதக்கணக்கில் வைத்திருக்கிறார்கள். சரி. திரும்பி வருகிற பிள்ளை அதே சந்தியில், அதே கூட்டாளிகளுக்கு முன்னால்தானே பஸ்ஸை விட்டு இறங்குகிறது? ஆண்டுதோறும் ஜூன் 26 அன்று போதைப்பொருள் ஒழிப்பு தினத்துக்கு அதே மண்டபத்தில் பதாகை கட்டி, பள்ளிப் பிள்ளைகளை வெயிலில் நடக்கவிட்டு, ரோல்ஸும் ரீயும் கொடுத்து அனுப்புகிறீர்கள். அன்றைக்குத் திறப்பு எங்கேயிருந்தோ வந்துவிடுகிறது.

மன்னியுங்கள், கேட்க வந்ததை விட்டுவிட்டு வேறெங்கோ போய்விட்டேன்.

திட்ட முன்மொழிவு எழுதித் தரச் சொன்னீர்கள். நாங்கள் காசு கேட்கவில்லை, ஐயா. வெளியார் காசு வாங்குவதில்லை என்பது இந்தக் கூட்டங்களின் பழைய வழக்கம். ஒரு தகர டப்பாவில் நாங்களே போடும் இருபது, ஐம்பது ரூபாய்களில் பிளேன்ரீயும் சீனியும் போக மிச்சம் இருக்கிறது. மண்டபத்து மின்சாரக் கட்டணத்தை அதில் கட்டுவோம். கதிரைகளை அடுக்கிவிட்டுத்தான் போவோம். புதன் ஆறரையிலிருந்து எட்டு, பட்டியல் இல்லாமல். தயவுசெய்து.

அந்தத் தாயிடம், வருகிற புதன்கிழமை மகனைக் கூட்டி வரச் சொல்லியிருக்கிறோம். வருவானோ தெரியாது. ஆறு மணிக்கே நான் கேற்றடியில் நிற்பேன். காவலாளி அண்ணையிடம் திறப்பைக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
புதன்கிழமைக் கூட்டத்தில் ஒருவன்,
திருகோணமலை